கூத்துக் களரியில் கருத்தாடல் சமூகத்தை அடையாளம் காண்பது எப்படி?

ஒரே இலக்குக்காகக் கூடி, அதற்கென்று தனிப் பேச்சு, எழுத்து முறைகளை வைத்திருக்கும் கூட்டத்தைக் கருத்தாடல் சமூகம் என்பார்கள். ஒரு கூட்டம் அப்படிப்பட்டதுதானா என்று பார்க்க, மொழியியலாளர் ஜோன் ஸ்வேல்ஸ் 1990இல் ஆறு அடையாளங்களைச் சொன்னார். அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த கூட்டம் ஒன்றில் தேடிப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். மட்டக்களப்புக் கிராமம் ஒன்றின் கூத்துக் குழுவை எடுத்துக்கொள்வோம்.

முதலில், பிறப்பால் வந்ததை ஒதுக்கி வையுங்கள். மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் ஊரில் எல்லோருக்கும் உண்டு. அதைப் பேசுகிறவர்கள் பேச்சுச் சமூகம். கூத்துக் குழுவுக்குள் அப்படி வர முடியாது. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் ஆட்டமும் பாட்டும் பழக வேண்டும்.

அடுத்து, பொது இலக்கு. கூத்தின் இரு பாணிகளான வடமோடியோ தென்மோடியோ, எடுத்த கூத்தை நல்லபடியாக அரங்கேற்றுவது. ஊரறிந்த இலக்கு இது.

பிறகு, எங்கே கூடிப் பேசுகிறார்கள், ஒருவர் செய்ததற்கு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்வேல்ஸ் இவற்றை இரண்டு அடையாளங்களாகப் பிரிக்கிறார். கூத்து ஆடும் இடமான களரியில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். மத்தளத்துக்குக் கால் பிந்தினால் அண்ணாவியார் அங்கேயே நிறுத்தி, தாளச் சொற்கோவையான தாளக்கட்டைச் சொல்லி, மறுபடி ஆடச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் பழைய கூத்தர்களும் விடமாட்டார்கள். சரி, பார்க்க வருகிறவர்களையும் இந்தச் சமூகத்தில் சேர்க்கலாமா? கால் பிழைத்ததைக் கண்டுபிடித்து அண்ணாவியாரிடம் சொல்கிற பெரியவரை நான் சேர்ப்பேன்.

நான்காவது அடையாளம் வகைமைகள், அதாவது அந்தக் கூட்டம் தன் வேலைக்குப் பயன்படுத்தும் பேச்சு, எழுத்து, பாட்டு வடிவங்கள். கூத்து முழுவதும் எழுதப்பட்ட கூத்து ஏடு, அதிலிருந்து ஆடுகிறவருக்குரிய பகுதியைக் கையளிக்கும் சட்டங்கொடுத்தல், பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டு, அப்புறம் தரு, விருத்தம் என்னும் பாடல் வகைகள், வசனம். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு வேலை உண்டு. எதை எந்த இடத்தில் பாட வேண்டும் என்பதைக் குழுவில் யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. ஒரு சமூகத்தை அறிய இதுதான் மிக உறுதியான தடயம் என்பது என் எண்ணம்.

சொற்கள் ஐந்தாவது. “சட்டம் வாங்கியாச்சா?” என்ற கேள்வி வெளியாளுக்குப் புரியாது. தொடக்கத்தில் பலரும் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. சொற்களைக் கேட்டுப் படித்தவர் எல்லோரும் ஒரு வரவை ஆடிவிட முடியாது.

கடைசியாக ஆட்களை எண்ணுங்கள். வயதானவர்கள் விலகுவார்கள், இளையவர்கள் வருவார்கள். பழகியவர்களும் பழகுகிறவர்களும் போதிய அளவில் இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த அண்ணாவியார் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அறிவு இருக்கும், சமூகம் இருக்காது.

இனி நீங்களே செய்து பாருங்கள். அம்பாறைப் பக்கத்தவர்கள், பெரும்போக நெற்செய்கைக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு வரும் விவசாயிகளை எடுக்கலாம். வயல்களையும் தண்ணீரையும் கவனிக்கும் வட்டவிதானை என்ன பேசுகிறார், விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் எப்படி முடிவாகின்றன, யாருடைய மறுப்பு எடுபடுகிறது என்று கவனியுங்கள். தீர்மானத்தை எழுதும் முறையையும் மறக்காமல் பாருங்கள். வகைமை அங்கேதான் கிடைக்கும்.