முதியோர் கல்வி வகுப்பு வேண்டுமா? முதலில் கிராம சபை

ஊரில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு கேட்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதற்கு முன், கிராம சபையில் அதைத் தீர்மானமாகப் போட்டு, நகலை வாங்கிக்கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 கூட்டம் இருக்கிறது.

வெறும் மனு என்றால் "பார்க்கலாம்" என்று வாங்கி வைத்துவிடுவார்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிடும். கூடவே 20 பேரின் பெயர், வகுப்புக்கு இடம், நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் மறுக்கக் காரணம் கிடைக்காது. அந்த 20 பேரும் ஓட்டர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. பீடிக் கம்பெனி பாஸ் புத்தகத்தில் இலை எவ்வளவு, புகையிலைத் தூள் எவ்வளவு என்று எழுதியிருப்பதைத் தாங்களே படிக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் எழுந்து கேட்கட்டும். நாம் பேசுவதைவிட அது எடுபடும். நேரத்தை மட்டும் பீடி சுற்றும் தட்டைக் கீழே வைத்த பிறகு, இரவு 7 மணிக்கு மேல் என்று கேளுங்கள்.

முக்கூடல், கல்லிடைக்குறிச்சி மாதிரி பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலரைப் பிடிக்க வேண்டியதுதான். தேர்தல் அறிவித்துவிட்டால் கிராம சபைக் கூட்டமே தள்ளிப்போகும், தேர்தல் முடிந்த அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.