ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவதிலும் வேலையை மேற்பார்ப்பதிலும் அரசு தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பை அள்ளுவது, சாலை போடுவது, மருத்துவமனையைத் துப்புரவாக வைத்திருப்பது, பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என்று அரசு மக்களுக்குச் செய்யவேண்டிய பல வேலைகளை இன்று ஒப்பந்ததாரர்கள் செய்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எல்லா வேலைக்கும் அரசே ஆள் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பல இடங்களில் பணம் கொடுப்பது கணக்குப் பிரிவின் வேலை, வேலையைப் பார்ப்பது பொறியாளரின் வேலை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே வேலைதான். பில் மேசைக்கு வரும் அந்த நேரத்தில்தான் ஒப்பந்ததாரர் மேல் அரசுக்கு உண்மையான பிடி இருக்கிறது. கேள்வி கேட்காமல் பாஸ் செய்தால் அந்தப் பிடி போய்விடும். மாதக்கணக்கில் கிடப்பில் போட்டாலும் போய்விடும். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றிலிருந்து கிளைத்தவை.

பில்லைக் கிடப்பில் போடுவது

தாமதம் எங்கே தொடங்குகிறது என்று தேடிப்போனால், பல நேரங்களில் டெண்டர் விட்ட நாளுக்கே போய்ச் சேருவோம். நிதி ஒதுக்கீடு வரும் என்ற நம்பிக்கையில் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள், வேலை முடிந்தபிறகும் ஒதுக்கீடு வரவில்லை. அப்புறம் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சந்தேகம், ஒரு கூடுதல் கையெழுத்து, நிதியாண்டு முடிந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று.

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது வெறும் தாமதம். வெளியே நடப்பது வேறு. சின்ன ஒப்பந்ததாரர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். கூலி நிலுவையில் நிற்கிறது. அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் சேர்த்தே விலை போடுகிறார், அல்லது அரசு வேலையே வேண்டாம் என்று விலகிவிடுகிறார். நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் பெரிய நிறுவனங்கள் சிலதான் மிஞ்சும். போட்டி குறைந்தபின் விலை எங்கே போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையே பத்துப் பேரின் பில் காத்திருக்கும்போது யாருடையது முதலில் நகரும் என்ற கேள்வி வருகிறது. கமிஷன் நுழைவது அந்தக் கேள்வியின் வழியாகத்தான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. ஆறு மாதமாகப் பணம் கொடுக்காத அதிகாரி, "இந்தக் கான்கிரீட் சரியில்லை, உடைத்துவிட்டு மறுபடி போடு" என்று எந்த முகத்தோடு சொல்வார்? பழைய பாக்கியை முதலில் கொடுங்கள் என்பார் ஒப்பந்ததாரர். அதிகாரிக்குப் பதில் இருக்காது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு சமரசம் அங்கே உருவாகிவிடும். மோசமான வேலைக்கும் தாமதமான பணத்துக்கும் நடுவில் நடக்கும் அந்தப் பேசாத பேரத்துக்கு விலை கொடுப்பவர்கள் அந்தச் சாலையில் நடக்கும் மக்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1982-லேயே உரிய காலத்தில் பணம் தரும் சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதிப்படி அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளில் பணம் தரவேண்டும், மருத்துவச் சேவை போன்றவற்றில் 60 நாள் வரை போகலாம். தென்னாப்பிரிக்காவில் அரசுத் துறைகளுக்கு 30 நாள். இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்குபவர் அரசாக இருந்தாலும் இதே கணக்குதான்.

பிறகு ஏன் நடப்பதில்லை? பல இடங்களில் ஒப்பந்ததாரர்தான் வாய் திறந்து வட்டி கேட்கவேண்டியிருக்கிறது. கேட்டால் அடுத்த டெண்டர் கிடைக்காதோ என்ற பயத்தில் அவர் கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. அங்கே யாரும் கேட்காமலே வட்டியும் சேர்ந்து போகவேண்டும். பில்லில் குறை இருந்தால் ஏழு நாளுக்குள் காரணம் சொல்லித் திருப்ப வேண்டும். நாளை எண்ணுவது எப்போது தொடங்குகிறது என்பதுதான் இங்கே உயிர்நாடி. "பில் இன்னும் முழுமையாக வரவில்லை" என்று மூன்றாம் மாதத்தில் சொல்ல முடியுமென்றால், 30 நாள் என்ற விதிக்கு அர்த்தமே கிடையாது.

சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டோம், வட்டிக்கும் வழி செய்துவிட்டோம், இதற்குமேல் என்ன என்று கேட்கும் அரசுகளுக்கும் ஒரு பதில் வந்தாயிற்று. 2020 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விதியைச் சட்டமாக்கினால் மட்டும் போதாது, அரசு அலுவலகங்கள் நடைமுறையிலும் அந்தக் கெடுவுக்குள் பணம் தருவதை நாடு உறுதிசெய்ய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

தண்டனையாக மொத்தப் பணத்தையும் நிறுத்துவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலையில் ஒரு பகுதி சரியில்லை என்றால், அந்தப் பகுதிக்கான தொகையை மட்டும் நிறுத்துங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், மீதியைக் கொடுத்துவிடுங்கள். முழுப் பில்லையும் நிறுத்தினால், சரியாக வேலை செய்த தொழிலாளிக்கும் அன்று கூலி கிடைக்காது.

பார்க்காமல் பாஸ் செய்வது

இது முதல் தவறின் மறுபக்கம். வேகமாகப் பணம் கொடுப்பது நல்லதுதான், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்ததைப் பாருங்கள். நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களின் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் வேலையை ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு பெரிய நிறுவனங்களிடம் அரசு விட்டிருந்தது. இறந்துபோனவர்களுக்கும், திரும்பச் சிறைக்குப் போனவர்களுக்கும், நாட்டை விட்டே போய்விட்டவர்களுக்கும்கூடக் கண்காணிப்புக் கட்டணம் போடப்பட்டிருந்தது 2013-இல் வெளியே வந்தது. செர்கோ 6 கோடியே 85 லட்சம் பவுண்டும், ஜி4எஸ் ஏறக்குறைய 11 கோடி பவுண்டும் திருப்பித் தந்தன. பிறகு மோசடி வழக்கை முடித்துக்கொள்ள 2019-இலும் 2020-இலும் இரண்டு குழுமங்களின் துணை நிறுவனங்களும் அபராதமும் கட்டின.

நிறுவனங்களின் குற்றம் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் சிறையில் இருக்கிறாரா இல்லையா என்பது அரசுக்குத் தெரியாத விஷயமா? சிறைப் பதிவேடு அரசின் கையில்தான் இருக்கிறது. பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும். 2008-இலேயே துறையின் ஒப்பந்த மேலாளர்களுக்குப் பில்லில் ஏதோ சிக்கல் இருப்பது தெரிந்திருந்ததாகப் பொறுப்பு அமைச்சரே 2013-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஐந்து வருடம் தெரிந்தும் பணம் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே, ஒப்பந்ததாரர் தரும் அறிக்கையை மட்டும் வைத்து அவருடைய பில்லைப் பாஸ் செய்யக் கூடாது. ஒரு ஆதாரமாவது அரசு தானே எடுத்ததாக இருக்கவேண்டும். தளத்துக்குப் போய் அளந்த அளவு, தேதியோடு எடுத்த படம், சேவையைப் பயன்படுத்தியவர்கள் சொன்ன குறை என்று எதுவாகவும் இருக்கலாம். தணிக்கை பிறகு வரும், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இன்னும் பெரிய தவறு. தணிக்கை பெரும்பாலும் பணம் போனபிறகு, வருடங்கள் கழித்தே வருகிறது. அதற்குள் தார் பெயர்ந்திருக்கும், பொறியாளர் மாறுதலாகிப் போயிருப்பார்.

முதன்மை ஒப்பந்ததாரரோடு பார்வையை நிறுத்திக்கொள்வது

நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம், அவர் கீழே கொடுத்தாரா என்பது எங்கள் வேலை இல்லை. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பெயர்ப் பலகையில் இருக்கும் நிறுவனத்துக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் பிடிப்பவர், எல்லோருக்கும் கீழே மண்வெட்டி பிடிக்கும் கை. மேலே கொட்டிய பணம் அடிவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத மேற்பார்வை பாதி மேற்பார்வைதான்.

பிரிட்டனின் கரிலியன் நிறுவனம் இதற்குப் பெரிய சாட்சி. மருத்துவமனைக் கட்டுமானம், சிறைப் பராமரிப்பு, பள்ளி உணவு என்று நானூற்றுக்கும் மேற்பட்ட அரசு ஒப்பந்தங்கள் அதன் கையில் இருந்தன. தன் கீழ் வேலை செய்த சிறு நிறுவனங்களுக்கு 120 நாள் வரை காத்திருக்க வைத்துத்தான் பணம் கொடுத்தது. உரிய காலத்தில் பணம் தருவோம் என்ற தன்னார்வ உறுதிமொழியில் கையெழுத்திட்ட நிறுவனம் அது. 2018 ஜனவரி 15 அன்று திவாலானபோது கடன் பொறுப்புகள் ஏறக்குறைய 700 கோடி பவுண்டு, கையிருப்பு வெறும் 2.9 கோடி. சுமார் 30,000 சப்ளையர்களுக்கு மொத்தம் 200 கோடி பவுண்டு அளவுக்குப் பாக்கி.

இதற்கு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் மில்லர் சட்டப்படி, மத்திய அரசின் பெரிய கட்டுமான வேலைகளை எடுப்பவர், தொழிலாளிகளுக்கும் பொருள் தந்தவர்களுக்கும் பணம் போகும் என்பதற்குத் தனியாக ஒரு உத்தரவாதப் பத்திரம் தரவேண்டும். பிரிட்டனில் சில அரசுக் கட்டுமானங்களில் திட்டத்துக்கென்றே ஒரு வங்கிக் கணக்கு வைத்து, அதிலிருந்து துணை ஒப்பந்ததாரர்களுக்கு நேரடியாகப் பணம் போக வழி செய்திருக்கிறார்கள். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே (2025-இல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது), ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனம்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. கூலிப் பட்டியலைப் பார்த்துவிட்டு அடுத்த பில்லை நகர்த்துவது ஒரு சின்ன நடைமுறை. அதைச் செய்யாமல் இருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

விழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருப்பது

கரிலியன் திடீரென்று சரியவில்லை. 2017 ஜூலை 10 அன்று, தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டு குறைகிறது என்று அதுவே அறிவித்தது. அடுத்த வாரமே, எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் திட்டத்தில் அது பங்கேற்ற கூட்டு நிறுவனத்துக்குப் புதிய வேலை அறிவிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தைக் கவனிக்கவென்றே அரசு வைத்திருந்த பிரதிநிதியின் பதவி அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை காலியாகவே கிடந்தது. எச்சரிக்கை மணி அடித்த மாதங்கள் அவை.

லிவர்பூலில் அது கட்டிக்கொண்டிருந்த மருத்துவமனை பாதியில் நின்றது. வேறு நிறுவனம் உள்ளே போய்ப் பார்த்தபோது கட்டுமானத்திலேயே கடுமையான குறைகள் தெரிந்தன. 2017-இல் முடிந்திருக்க வேண்டிய கட்டடம் 2022 அக்டோபரில்தான் நோயாளிகளுக்குத் திறந்தது. ஒரு பெரிய சேவை ஒப்பந்தம் போடும் நாளிலேயே, ஒப்பந்ததாரர் நாளை இல்லாமல் போனால் யார் உள்ளே வருவார், ஆட்கள் யாரிடம் போவார்கள், வரைபடமும் பதிவேடும் யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

"அது ஒப்பந்ததாரரின் தவறு" என்று ஒதுங்குவது, கேட்டால் வணிக ரகசியம் என்பது

2012 லண்டன் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரமே இருந்தபோது, பாதுகாவலர்களைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அதே ஜி4எஸ் ஆட்களைத் தர முடியவில்லை என்றது. கடைசியில் 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக அழைக்க வேண்டியதாயிற்று. யார் பெயரில் ஒப்பந்தம் இருந்தாலும், கடைசி நேரத்தில் கதவருகே ஆள் நிறுத்தவேண்டியது அரசுதான். புகார் சொல்ல வரும் குடிமகனை "ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பும் அலுவலகம் இதை மறந்துவிடுகிறது.

ரகசியம் என்ற சாக்குக்கு ஸ்லோவாக்கியா ஒரு வழி கண்டது. 2011 முதல் அங்கே அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியாகவில்லை என்றால், அப்படி ஒரு ஒப்பந்தமே போடப்படவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இதில் குடிமக்கள் பக்கத்தில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லவேண்டும். டெண்டர் யாருக்குப் போனது என்று துருவித் துருவிக் கேட்கிறோம், அதற்குப் பிறகு நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். தகவல் கேட்கும் உரிமை உள்ள நாட்டில் இருந்தால், ஒப்பந்த நகலோடு இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: வேலையை எந்தத் தேதியில், எந்தப் பதவியில் இருப்பவர் அளந்தார்? பில் வந்த தேதி என்ன, பணம் போன தேதி என்ன? ஏதாவது பிடித்தம் செய்தார்களா, எந்தக் குறைக்காக? துணை ஒப்பந்ததாரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் பணம் போனதற்கு என்ன ஆதாரம் வாங்கினார்கள்? பில் வந்த தேதிக்கும் பணம் போன தேதிக்கும் நடுவில் ஒரே நாள் இருந்தாலும் கேளுங்கள், ஒரு வருடம் இருந்தாலும் கேளுங்கள்.