நூறு வருடப் பழைய பேஸ்பால் அட்டை: முதல் அட்டையை வாங்குவது எப்படி?

பேஸ்பால் வீரரின் படம் அச்சிட்ட சிறு அட்டைதான் பேஸ்பால் அட்டை. பழைய அட்டை என்றாலே பேச்சு பிட்ஸ்பர்க் அணி வீரர் ஹோனஸ் வாக்னரிடம் போய்விடும். சிகரெட் பாக்கெட்டில் வந்த அவருடைய அட்டைகளில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஐம்பது, அறுபதுதான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சிறுவர்கள் தன் படத்துக்காக சிகரெட் வாங்குவது பிடிக்காமல் அவரே அச்சை நிறுத்தச் சொன்னார் என்பார்கள். பணம் தராததுதான் காரணம் என்பாரும் உண்டு. சரி, அவரை விடுங்கள். அதே தொகுப்பில் வந்த, இன்று யாருக்கும் பெயர் தெரியாத ஒரு வீரரின் கசங்கிய அட்டைதான் நமக்கு வேண்டியது.

படி 1: ஒரே தொகுப்பில் நில்லுங்கள்

என் யோசனை, வாக்னர் அட்டை வந்த அதே டி206 தொகுப்பு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக் கொடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். பாக்கெட் நசுங்காமலிருக்கவும் இந்த அட்டைதான் முட்டு. டி206 என்ற பெயர் பின்னாளில் ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் போட்ட பட்டியலிலிருந்து வந்தது. ‘டி’ என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை.

படி 2: திருப்பிப் பாருங்கள்

புதியவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பழகியவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். பின்பக்கம் சிகரெட் விளம்பரம் இருக்கும். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல் என்றால் சர்வசாதாரணம். அதே வீரர், அதே படம், பின்னால் டிரம் அல்லது உசிட் என்றிருந்தால் விலை எங்கேயோ போய்விடும். முதல் அட்டைக்கு பீட்மாண்டே போதும்.

படி 3: போலியைப் பிடியுங்கள்

இங்கேதான் பணம் போகிறது, அவசரப்படாதீர்கள். மறுபதிப்பைத் தேநீரில் நனைத்து, மூலையைத் தேய்த்துப் பழசாக்கி விற்பவர்கள் உண்டு. நகைக்கடைகளில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அடியில் வீரரின் பெயரும் ஊரும் பழுப்பு மையில் இருக்கும். அசலில் அந்த எழுத்து இடைவெளியில்லாமல் ஒரே மையாகத் தெரியும். படமெடுத்து அச்சிட்ட நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

அப்புறம் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. இருட்டறையில் காட்டியதும் அட்டை நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது பிற்காலத்துக் காகிதம், வைத்துவிட்டு வாருங்கள். பளிச்சிடாததாலேயே அசல் என்றும் முடிவு கட்டக்கூடாது.

அளவையும் பாருங்கள்: சுமார் 36.5க்கு 66.7 மில்லிமீட்டர். அன்றைய வெட்டு ஒரே சீராக இருக்காது, பின்பக்கம் அமெரிக்கன் பியூட்டி சிகரெட் விளம்பரம் உள்ளவை கொஞ்சம் ஒடுக்கமாகவே இருக்கும். ஆனால் நூறு வயது அட்டைக்குக் கத்தி மாதிரி கூரான மூலை இருந்தால், ஓரத்தை நறுக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மிகப் புகழ்பெற்ற வாக்னர் அட்டையே ஓரம் நறுக்கப்பட்டதுதான். நறுக்கியதை அதை விற்ற வியாபாரியே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

படி 4: மட்டமான தரத்தில் வாங்குங்கள்

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, ஒன்று முதல் பத்து வரை தரமிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. தரம் ஒன்று பெற்ற சாதாரண வீரரின் அட்டையை நூறு டாலருக்குள் பார்க்கலாம். மடிப்பும் கறையும் இருக்கட்டும், அது சட்டைப்பையில் கிடந்த அட்டை.

படி 5: கையை வையாதீர்கள்

பெட்டியில்லாமல் வாங்கினால் மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, வெயில் படாமல் வையுங்கள். அழிரப்பர், செல்லோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம். பென்சில் கிறுக்கல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.