அவுட்போர்டு படகுக்கு டிரிம் டேப்: மலை ஏரிக்கு ஏற்ற அளவு

நீலகிரியில் உள்ள பைக்காரா ஏரி சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சக்தி ஏறக்குறைய 3% குறையும். கீழே சமவெளியில் சட்டென்று தண்ணீர்மேல் ஏறி ஓடும் படகு, இங்கே நாலு பேர் ஏறினாலே மூக்கைத் தூக்கி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். முதலில் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லரைப் போட்டு, எஞ்சின் சாய்வைச் சரிசெய்து, பெட்ரோல் டேங்க்கை முன்னுக்கு நகர்த்திப் பாருங்கள். அப்புறமும் மூக்கு இறங்காவிட்டால்தான் டிரிம் டேப்: பின்பலகையின் (படகின் பின்புறச் சுவர்) அடியில் இரண்டு பக்கமும் பொருத்தி, கீழே இறக்கிப் பின்பக்கத்தைத் தூக்கும் தகடு.

படகு நீளம் ஒரு அடிக்கு, பக்கத்துக்கு ஒரு இஞ்ச் தகட்டு அகலம்: 16 அடிப் படகுக்கு 16 இஞ்ச் தகடு, இரண்டு பக்கமும். பின்பலகையை அளந்த பிறகே வாங்குங்கள். எஞ்சின் நடுக்கோட்டிலிருந்து 8 இஞ்ச், ஓர விளிம்பிலிருந்து 4 இஞ்ச் விட வேண்டும். இடம் போதாவிட்டால் அகலத்தைக் குறைத்து, முன்பின் நீளத்தை 9-லிருந்து 12 இஞ்ச் ஆக்கலாம். இருந்தாலும் அகலத் தகடே மேல். குறைவாக இறக்கினாலே தூக்கும், இழுவையும் குறைவு. சிறிய தகட்டை முழுக்க இறக்கி ஓட்டினால் வேகம்தான் போகும்.

ஆட்கள் ஒரு பக்கமாக உட்காரும் சவாரிப் படகுக்குத் தனித்தனியே இயங்கும் 12 வோல்ட் டேப் நல்லது. பேட்டரி இல்லாத சிறு படகுக்கு ஸ்பிரிங் வகை போதும்.

தகட்டை அடிப்பாகத்துக்கு கால் இஞ்ச் மேலே பொருத்துங்கள். தாழ்ந்தால் மேல்தூக்கிய நிலையிலும் தண்ணீரை இழுக்கும். ஒவ்வொரு திருகுத் துளையிலும் மரைன் சீலன்ட் கட்டாயம். விட்டால் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட் ஊறி உளுத்துப்போகும்.