பழைய லேப்டாப்புக்கு வேலை கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007இல் வந்த டெல் லாடிட்யூட் டி630 மாதிரி ஒரு கோர் 2 டுவோ பிராசசர் லேப்டாப் அலமாரியில் கிடக்கிறதா? அதை இன்றைய லேப்டாப்பாக மாற்றப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அதன் பிராசசரில் எஸ்எஸ்இ 4.2 என்ற, பின்னால் வந்த பிராசசர் கட்டளைகள் கிடையாது. அவை இல்லாததால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு அதில் பூட்டே ஆகாது. லினக்ஸ் ஏறும், ஆனால் 2 ஜிபி ராமில் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறிவிடும். எஸ்எஸ்டி போட்டால் சீக்கிரம் பூட் ஆகும், அதோடு சரி.

பிரவுசர் தேவைப்படாத ஒரு வேலையை முதலில் முடிவு செய்யுங்கள். டி630இல் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறது. பட்டறையில் பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு) மெஷினுக்கு ப்ரோக்ராம் அனுப்பவும், ரவுட்டரின் அமைப்புத் திரையான கன்சோலில் நுழையவும் இதைவிட நம்பகமான கருவி கிடைப்பது கஷ்டம். மலிவான யூஎஸ்பி சீரியல் கேபிள்களில் போலி சிப் இருந்தால் டிரைவரே ஏற்காது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

கையில் வந்ததும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பியும் ஏதாவது மெஷின் சாஃப்ட்வேரும் இருந்தால், அதன் இன்ஸ்டால் சிடியோ லைசென்ஸோ மறுபடி கிடைக்காமல் போகலாம். குளோன்சில்லா என்ற இலவச சாஃப்ட்வேரில் முழு டிஸ்க்கையும் இமேஜ் (அப்படியே நகல்) எடுத்த பிறகு கை வையுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. நெட்டில் இணைக்கவே வேண்டாம்.

லினக்ஸ்தான் போடப்போகிறீர்கள் என்றால், பிராசசர் 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். பெயரில் '2' இல்லாத கோர் டுவோ 32 பிட்தான். டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் இல்லை, 12தான் கடைசி.

ஃபைல் சர்வராக இரவு பகலாக ஓடவிடுவதானால் கரண்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 வாட் இழுத்தால் மாதம் 18 யூனிட். யூஎஸ்பி 2.0இல் மாட்டிய டிஸ்க் நொடிக்கு 30 முதல் 40 எம்பிக்கு மேல் தராது. மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும். அதைத் தடுக்க லினக்ஸின் லாகின்டி அமைப்புக் கோப்பில் (logind.conf) 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' (HandleLidSwitch) வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பை 'இக்னோர்' (ignore) ஆக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அதை அழுத்துவதோ குத்துவதோ தீப்பிடிக்க வழி.

பேட்டரியைக் கழற்றிய பிறகு கரண்ட் போனால் இன்னொரு சிக்கல் வெளிப்படும்: கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன சிமாஸ் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் 'இன்னும் செல்லாது' என்று வரும், அப்டேட்டும் நின்றுவிடும். நெட்வொர்க்கைக் குறை சொல்லி ஒரு நாளை வீணாக்குவதற்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள். 3 வோல்ட் செல் 2.5க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பல லேப்டாப்களில் அது இரண்டு வயரும் சின்ன கனெக்டரும் சேர்ந்தே வரும். அப்படியே வாங்கி மாட்டுங்கள். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம்.

ஃபேனை வெளியிலிருந்து ஊதினால் மட்டும் போதாது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றி, அந்தத் தூசியை இடுக்கியால் முழுசாக உரித்து எடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.