வில்லின் முதுகில் தசைநார் ஒட்டும்போது கெடுத்துக்கொள்ளும் இடங்கள்

தசைநாரைக் கொதிக்கிற தண்ணீரில் போடவே போடாதீர்கள். வில்லின் முதுகில், அதாவது எய்கிறவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும் புறத்தில், புதிதாக நார் ஒட்டுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மான் காலிலிருந்தோ மாட்டுக் காலிலிருந்தோ எடுக்கும் நாரும், அதை மரத்தில் ஒட்டுகிற, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் அடிப்படையில் ஒரே பொருள், கொலாஜன் என்ற புரதம். நாரை விடாமல் காய்ச்சினால் அதுவே பசையாகிவிடும். ஈரமான நார் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதில் பலம் இருக்காது. அதனால் பசைப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீருக்குள் இறக்கிச் சூடாக்குங்கள். நாரை நனைக்கும்போது விரல் பொறுக்கிற சூடு போதும்.

காயாத நாரைத் தட்டுவதும் வீண் வேலை. பச்சையாக இருக்கும்போதே மேலுறையையும் கொழுப்பையும் வழித்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்தால் மஞ்சளாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி கெட்டியாகும். அதை மரக்கட்டை மேல் வைத்து, முகம் உருண்ட சுத்தியலாலோ வழுவழுப்பான கல்லாலோ தட்ட வேண்டும். சுத்தியலின் விளிம்பு கூராக இருந்தால் இழை வெட்டுப்பட்டுவிடும். தட்டத் தட்ட உள்ளே வெள்ளைக் கோடுகள் ஓடும். அங்கே பிடித்துப் பிரித்தால் கிழிந்து வரும். பலர் பட்டை பட்டையாகப் பிரிந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள். தடித்த பட்டைக்குள் பசை ஊறாது. தையல் நூல் அளவுக்காவது பிரித்து, நீளவாரியாகக் கட்டி வையுங்கள். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பொறுமையை அதிகம் கேட்பது இந்தக் கட்டம்தான்.

கலிபோர்னியாவில் 1911இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்த யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான இஷி, மான் கால் நாரை வாயில் மென்றே இழையாகப் பிரித்தார். சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையை, சொரசொரப்பாக்கிய வில் முதுகில் முன்கூட்டியே பூசிக் காயவிட்ட பிறகுதான் நாரை ஒட்டினார். இந்த முன்பூச்சை விட்டுவிட்டால் மரம் பசையை உறிஞ்சிக்கொண்டு, நார் பிற்பாடு உரிந்து வரும். கைப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் அதே கேடுதான். மரத்தைத் துடையுங்கள், நாரையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஒட்டும்போது ஒரு கட்டு முடிகிற இடத்துக்கு நேராகப் பக்கத்துக் கட்டும் முடியக் கூடாது. கூடுதல் பசையை விரலால் வழித்துவிடுங்கள். இழுவையைத் தாங்குவது நார்தான், தடித்த பசை பாரத்தைக் கூட்டி, காய்ந்ததும் வெடிக்கும்.

அப்புறம் காயவைப்பது. நார் காயக் காயச் சுருங்கி வில்லை எதிர்ப்பக்கமாக வளைக்கும். இந்த இழுவையும், உடையாமல் மரத்தைவிடப் பல மடங்கு நீளும் குணமும் இருப்பதால்தான் குட்டை வில்லையும் நன்றாக இழுக்க முடிகிறது. அவசரப்பட்டு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீர்கள். பல வாரங்கள் நிழலில் விட்ட பிறகே வளையுங்கள். அதுவரை நாய்க்கும் எலிக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், அவற்றுக்கு இது தீனி.

காய்ந்த நாரும் பசையும் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். துருக்கியின் ஒட்டோமான் பேரரசு வில்லாளர்கள் நார் மேல் பிர்ச் மரப்பட்டையோ மெல்லிய தோலோ போர்த்தியது அதனால்தான். நீங்களும் வார்னிஷாவது பூசாமல் மழைக்காலத்தில் வில்லை வெளியே எடுக்காதீர்கள்.