தண்டவாளத்தில் கட்டப்பட்ட பெண்: அந்த நையாண்டிப் படத்தைத் தவறாகப் பார்க்காதீர்கள்

வில்லன் முழியை உருட்டுகிறான், கதாநாயகியைத் தண்டவாளத்தில் சங்கிலியால் பிணைக்கிறான், தூரத்தில் ரயில் வருகிறது. இதைப் பார்த்தவுடன் "அந்தக் காலத்து மௌனப்படம் எல்லாமே இப்படித்தான்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறுவதில்லை. ஏனென்றால் அவர்கள் பார்த்தது, 1913-ல் அமெரிக்காவின் கீஸ்டோன் நிறுவனம் சிரிப்பதற்கென்றே எடுத்த, ஒரே ஒரு ரீல் நீளமுள்ள குறும்படம்: 'பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்'. இயக்கியவர் மாக் செனட், காதலனாக வருபவரும் அவரே. கதாநாயகி மேபெல் நார்மண்ட், வில்லன் ஃபோர்டு ஸ்டெர்லிங்.

ஆக, முதல் தவறு நையாண்டியை நிஜமென்று நம்புவது. செனட் கேலி செய்தது, அவருக்கு முந்தைய தலைமுறை மேடையில் பார்த்து உருகிய மெலோடிராமாவை, அதாவது உணர்ச்சியை மிகைப்படுத்தும் நாடகத்தை. 1867-ல் நியூயார்க்கில் அகஸ்டின் டேலி 'அண்டர் தி கேஸ்லைட்' என்ற நாடகத்தைப் போட்டார். தண்டவாளக் காட்சிக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். ஆனால் அதில் கட்டப்படுவது பெண்ணே இல்லை. போரில் ஒரு கையை இழந்த ஸ்னார்க்கி என்ற ஆண். பூட்டிய கொட்டகைக்குள் மாட்டிக்கொண்ட லாரா, கோடரியால் கதவை உடைத்து வந்து அவனைக் காப்பாற்றுகிறாள். இப்படிப்பட்ட பெண்களுக்கா ஓட்டுரிமை இல்லை என்று அவன் அங்கேயே கேட்கிறான்! பெண்கள் கட்டுண்டு கிடந்து கத்த மட்டுமே செய்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த நாடகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, சினிமாவையே அவர் கேலி செய்யவில்லையா? செய்தார். செனட் தொழில் கற்றது பயோகிராஃப் நிறுவனத்தில், டி. டபிள்யூ. கிரிஃபித்திடம். ஆபத்தில் இருப்பவரையும் காப்பாற்ற ஓடி வருபவரையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பதற வைப்பது கிரிஃபித்தின் கைவண்ணம். அதே உத்தியைத்தான் சீடர் இங்கே சிரிப்புக்குத் திருப்பினார். இரண்டு பேருடைய படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், தானாகவே புரியும்.

ஸ்டெர்லிங்கின் நடிப்பைப் பார்த்து "நடிக்கவே தெரியவில்லை" என்று சொல்வது அடுத்த தவறு. கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று கையை வீசி நடித்த மேடை வில்லனை, கேமரா பக்கத்தில் இருந்தும் அவர் வேண்டுமென்றே இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறார்.

அப்புறம் வேகம். அன்று கேமராவின் கைப்பிடியைக் கையால் சுழற்றித்தான் படம் எடுத்தார்கள். நொடிக்கு இத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்ற கறாரான கணக்கு கிடையாது. அப்படிப் பெரும்பாலும் குறைவான ஃபிரேமில் எடுத்ததை இன்றைய 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளித்தான் நடப்பார்கள். வீடியோ ஓடும் வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள். ரொம்பவும் குறைத்துவிடவும் கூடாது. நகைச்சுவைப் படங்களில் வேகம் கூடித் தெரியட்டும் என்று கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றுவதும் வழக்கமாக இருந்தது.

ரயிலோடு போட்டிபோட்டுக் கார் ஓட்டுபவரை யாரோ நடிகர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உண்மையான பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்ட். 1903-லேயே வட்டப் பாதையில் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்டியவர். அவர் திரையில் வந்ததும் 1913-ல் கொட்டகையில் எழுந்திருக்கக்கூடிய ஆரவாரத்தையும் மனதில் சேர்த்துக்கொண்டு பாருங்கள்.

பார்த்து முடித்ததும் 1917-ல் வந்த 'டெடி அட் தி த்ராட்டில்' படத்தையும் போடுங்கள். அதே தண்டவாளம், அதே சங்கிலி, கட்டப்பட்டிருப்பவர் க்ளோரியா ஸ்வான்சன். இந்த முறை உதவிக்கு ஓடுவது ஒரு பெரிய நாய்.